எண்பது சதவீத நன்றி

நிதி நிறுவனத்தில் இன்டர்ன்ஷிப் நேர்காணல் முடிந்து வீடு திரும்பிய நந்திதா, நன்றி தெரிவிக்கும் மின்னஞ்சலை எழுதிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். மனதில் நன்றி உண்மையாகவே இருக்கிறதா என்று அது நாடி பிடித்துச் சொல்லும். எண்பது சதவீதமாவது இல்லாவிட்டால் மின்னஞ்சல் போகாது; போனால் அந்த எண்ணும் கூடவே போகும். அவளுக்குப் பதினொன்று காட்டியது.

"பாதி நாளு காக்க வச்சாய்ங்கம்மா. நன்றி எங்கிட்டிருந்து வரும்?"

"மாசம் இருபதாயிரம் தர்றாய்ங்கள்ல. அதை நெனச்சுக்கடி."

நினைத்தாள். பதினாலு ஆனது. மாலைக்குள் மின்னஞ்சல் போகாவிட்டால் அந்த இடம் வேறு யாருக்கோ போய்விடும்.

அம்மா கலைவாணி எழுந்து போய் ஃபேனை நிறுத்தினாள். ஜன்னலையும் சாத்தினாள். மதுரையில் அது மே மாதம்.

"ஏம்மா, கொல்லப் பாக்குறியா?"

"பேசாம உக்காருடி."

மகளின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்ட பிறகு, அம்மா ஃபேனை முழு வேகத்தில் சுற்றவிட்டு, ஐஸ் போட்ட நன்னாரி சர்பத்தைக் கையில் கொடுத்தாள்.

"அப்பாடா!" என்றாள் நந்திதா. கடிகாரம் தொண்ணூற்றாறு காட்டியது.

"அனுப்புடி, இப்பவே அனுப்பு!"

அனுப்பினாள். உடனே பதில் வந்தது.

"வாழ்த்துகள், தேர்வாகிவிட்டீர்கள். தொண்ணூறுக்கு மேல் நன்றி உள்ளவர்கள் பணத்துக்காக வருவதில்லை என்பது எங்கள் அனுபவம். ஆகவே உங்களுக்கு உதவித்தொகை கிடையாது. சம்மதத்தை நன்றியுடன் தெரிவிக்கவும்."

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ஃபேனோட நிறுத்தியிருக்கணும். சர்பத்தைக் குடுத்தது என் தப்புடி."