கோட்டை வாசலில் கோழிக்காரன்

இங்கிலாந்து அரசனின் முதன்மை அமைச்சர் ஆஸ்பெர்ட் மீது ராஜதுரோகப் பழி விழுந்தது. தாடியை மழித்து, கோழிக்கூடையைத் தலையில் சுமந்து, கடல் தாண்டி, பிரெஞ்சுக் கரையில் ஆங்கிலேயர் வசமிருந்த கலே கோட்டைக்குத் தப்பி வந்தார். அங்கே தளபதி அவருடைய தம்பி ஹம்ஃப்ரி.

கதவைத் திறந்தது தம்பியேதான்.

“நான்தான்டா, உங்கண்ணன்” என்று கிசுகிசுத்தார்.

“கோழியா? எவனுக்குடா வேணும்? நாத்தம் குடலப் புடுங்குது, போடா நாயே!”

“ஹம்ஃப்ரி, என் முகத்தப் பாருடா…”

ஹம்ஃப்ரி அந்த முகத்தில் காறித் துப்பினார். கூடையை எட்டி உதைத்தார்.

கூடப் பிறந்தவனே இப்படியா என்று அழுதபடி ஆஸ்பெர்ட் படகுக்கு ஓடினார்.

ஹம்ஃப்ரி கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்தார். அண்ணனைப் பிடித்துப்போகக் காலையிலேயே வந்திருந்த அரசனின் வீரர்கள் சாப்பாட்டிலிருந்து நிமிர்ந்தார்கள்.

“யாருங்க தளபதி?”

“எவனோ கோழி விக்கிறவன்” என்றார், அவர்களுடைய கோப்பைகளை மறுபடி நிரப்பியபடி.