கழுத்தோரக் கிளிகள்

முதலாளி வெள்ளைத் துணியை விலக்கினார். ஊசி விழுந்தால்கூடக் கேட்கும் என்பார்களே, அப்படி ஓர் அமைதி.

விழுந்தது. கேட்டது. மாமன் கையிலிருந்த ஊசிதான்.

மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய நீலத் துணி, தைத்தால் குர்தா ஆகும். கழுத்துக்கு இந்தப் பக்கம் எம்பிராய்டரியில் ஒரு கிளி, அந்தப் பக்கம் ஒரு கிளி. மூக்கோடு மூக்கு உரசிக்கொண்டு நிற்க வேண்டியவை.

இரண்டும் ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன.

இந்தக் கிளி மாமன் போட்டது. அந்தக் கிளி எதிரே உட்கார்ந்திருக்கும் மச்சினன் போட்டது. பெண்டாட்டியின் தம்பி. மாமன் வேலை நேரத்தில் தூங்கி வழிகிறான் என்று அவன் அக்காவிடம் போட்டுக்கொடுத்த நாளிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஒரே சட்டத்தில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து, பச்சை நூல் வேண்டுமென்றால்கூடச் சுவரைப் பார்த்துத்தான் கேட்பார்கள்.

துளை போட்ட டிசைன் தாளைத் துணிமேல் வைத்து சாக்பீஸ் பொடியைத் தேய்த்தால் கிளி இறங்கும். தாளைத் திருப்பி வைத்தால் கிளியும் திரும்பிக்கொள்ளும்.

மாமன் வேண்டுமென்றேதான் திருப்பி வைத்தான். என் கிளி அவன் கிளி மூஞ்சியில் முழிக்காது. அவன் கிளிதான் என் கிளியின் வாலைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டு வரட்டும். யாராவது கேட்டால் புது மாடல் என்று சொல்லிக்கொள்ளலாம்.

கை வேர்வை படாமலிருக்க, வேலை முடிந்த இடத்தை மூடிவைப்பது வழக்கம். பேச்சு இருந்திருந்தால் மாமன் எட்டிப் பார்த்திருப்பான். பேச்சு இல்லாதபோது அடுத்தவன் மூடிவைத்த துணியை எப்படித் தூக்குவது? மானம் என்று ஒன்று இருக்கிறதல்லவா.

இப்போதுதான் தெரிகிறது, அந்தப் பாவியும் அதையே நினைத்துத்தான் தாளைத் திருப்பி வைத்திருக்கிறான்.

"யாரு வேலை இது?" முதலாளி பல்லைக் கடித்தார்.

இரண்டு விரல்கள் ஒரே நேரத்தில் நீண்டன. மாமன் விரல் மச்சினனை நோக்கி, மச்சினன் விரல் மாமனை நோக்கி.

தனித்தனியாகப் பார்த்தால் எதிலும் குறை சொல்ல முடியாது. இறகுக்கு இறகு ஜரி, மூக்கில் சிவப்பு, கண்ணுக்கு ஒற்றை மணி. சேர்த்துப் பார்த்தால்தான் வினை.

இன்னொரு துணி பாழானால் இரண்டு பேரும் நடையைக் கட்டலாம் என்று முதலாளி ஏற்கனவே சொல்லிவிட்டார். வேலை போன சேதியோடு வீட்டுக்குப் போனால் வாசலிலேயே நிற்பாள் ஒருத்தி. இவனுக்குப் பெண்டாட்டி, அவனுக்கு அக்கா. இரண்டு பேருக்கும் ஒரே வாயில் வேண்டியது கிடைத்துவிடும்.

துணிக்குச் சொந்தக்காரி பக்கத்திலேயே நின்றிருந்தாள். தைக்கும் முன்னால் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று ஆபீஸ் பையோடு வந்தவள். அவள் குனிந்ததும் முதலாளிக்கு வாய் தானாக ஓட ஆரம்பித்தது.

"ஜரிம்மா, மெஷின்ல போட்றாதீங்க. பச்சத்தண்ணியில அலசி, முறுக்காம, நிழல்ல காயப்போடுங்க. உள்பக்கம் திருப்பித்தான் அயர்ன் பண்ணணும். கீழ வெள்ளை பேன்ட் போட்டீங்கன்னா அப்படியே தூக்கிக் காட்டும்..."

கிளி எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொன்னார்.

அவள் இந்தக் கிளியைத் தொட்டாள். அந்தக் கிளியைத் தொட்டாள். பிறகு கடையே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள்.

"யாரு சொன்னா உங்களுக்கு?"

"என்னதும்மா?"

"வெள்ளிக்கிழமை எனக்கு டைவர்ஸ். கோர்ட்டுக்கு இதத்தான் போட்டுக்கிட்டுப் போறேன். எதையும் பிரிக்காதீங்க, இப்படியே தைங்க."

மாமனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"பொழச்சோம் மாமா" என்றான் மச்சினன், சுவரைப் பார்க்காமல்.

"வாய மூடு மாப்ள" என்றான் மாமன். அவனும் சுவரைப் பார்க்கவில்லை.

வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள்.

"இதே மாதிரி அவருக்கும் ஒண்ணு போடுங்க."

"அளவு எடுக்கணுமேம்மா. அவர ஒரு நடை வரச் சொல்லுங்க."

"அவரு எதுக்கு? நான் சொல்றேன், எழுதிக்குங்க."

தோள், மார்பு, கை நீளம், கழுத்துச் சுற்று. எங்கேயும் நிறுத்தி யோசிக்காமல் சொல்லிக்கொண்டே போனாள். முதலாளி எழுதி முடித்துப் பென்சிலைக் காதில் செருகப் போனார்.

"இருங்க" என்றாள். குரலில் இப்போது சிரிப்பு இல்லை.

"இடது தோள் மட்டும் ஒரு விரல் எறக்கமா இருக்கும். வெட்டும்போது பாத்து வெட்டுங்க."