தேசிக்காய் அளவு

சரீபா கண் விழித்ததும் முதல் வேலையாக வயிற்றைத் தடவிப் பார்த்தாள்.

போர்வைக்குள் விரல்கள் மெல்ல ஊர்ந்தன. இங்கே ஒரு பிளாஸ்டர், அங்கே ஒன்று, தொப்புளுக்குக் கீழே இன்னொன்று. அவ்வளவுதான்.

“இஞ்சாருங்க, கீறல்லதானே?”

“ஓம் புள்ள, கீறல்ல,” என்றான் கட்டிலருகே நின்ற அவள் கணவன் முத்தலிப்.

பெருநாள் பிறை கண்டவள்போல அவள் முகம் மலர்ந்துவிட்டது.

அவளுக்கு மூத்தவளான ராத்தாவுக்கு நெஞ்சிலிருந்து தொப்புள்வரை கிழித்துத் தைத்த தழும்பு இருக்கிறது. அந்தத் தழும்போடுதான் ராத்தா பேத்திகளைத் தூக்கி வளர்த்தாள். இன்றைக்கும் கல்முனைச் சந்தைக்கு நடந்தே போய் வருகிறாள். அதெல்லாம் சரீபாவின் கண்ணில் படவில்லை. தழும்பு மட்டும்தான் பட்டது.

இரைப்பையில் கட்டி என்றபோதுகூட அவள் இவ்வளவு பயப்படவில்லை. சின்ன ஓட்டைகள் போட்டு, கெமராவை விட்டுப் பார்த்து, அந்த வழியாலேயே கட்டியை எடுக்கப் பார்ப்போம், சரிவராவிட்டால்தான் கீறுவோம் என்று டொக்டர் சொன்ன அன்றே நேர்ச்சை வைத்துவிட்டாள். வயிறு கீறுபடாமல் திரும்பி வந்தால் கிடாய் அறுத்துக் கந்தூரிச் சோறு கொடுப்பதென்று.

கிடாய் வீட்டு முற்றத்தில் கட்டியிருக்கிறது. அவளுடைய தம்பி அர்ஷாத்தான் காவல்.

“கட்டியக் காட்டினாங்களா? எவ்வளவு பெரிசு?”

அது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். ஒப்பரேஷன் முடிந்தால் எடுத்ததை ஒரு கிண்ணத்தில் வைத்து வெளியே கொண்டுவந்து, காத்திருக்கும் சொந்தக்காரருக்குக் காட்டுவார்கள்.

முத்தலிப் ஓர் எலுமிச்சங்காயைப் பிடிப்பதுபோல இரண்டு விரல்களை வளைத்துக் காட்டினான். “தேசிக்காய் அளவு.”

“இந்தச் சனியனுக்கா இவ்வளவு பாடு!” சிரிக்கப் போனவள் வலியில் முகம் சுளித்தாள். “அர்ஷாதுக்கு இப்பவே கோல் எடுங்க. நேர்ச்சயப் பிந்தப் போடக் கூடாது.”

அவன் போனை எடுத்தான். விரல் எண்ணைத் தேடிற்று. மனம் ஒப்பரேஷன் தியேட்டர் வாசலிலேயே நின்றது.

கனநேரம் எடுக்கும் என்று சொல்லிவிட்டுப் போன டொக்டர், அவன் ஒரு பிளேன்டீ குடித்து முடிக்குமுன் வெளியே வந்துவிட்டார். கையில் கிண்ணம் இல்லை. ஸ்கேனில் பிடிபடாதது கெமராவை விட்டதுமே தெரிந்துவிட்டதாம். வயிறு முழுக்கப் பரவிவிட்டது. இனிக் கீறியும் பிரயோசனமில்லை என்று கட்டியைத் தொடாமலே மூடிவிட்டார்களாம்.

அவள் கேட்டது கீறக் கூடாது என்பதை மட்டும்தான். அதை அல்லாஹ் குறைவில்லாமல் கொடுத்துவிட்டான்.

முத்தலிப் எண்ணை அழுத்திப் போனைக் காதில் வைத்தான். அழவும் வழியில்லை. அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அறுக்கட்டா மச்சான்?” என்றான் அர்ஷாத். பின்னால் கிடாய் கத்துவது கேட்டது.

“அறுங்க,” என்றான் முத்தலிப்.