இருவர் நடக்கும் அகலம்

மலையடிவாரத்தை மனைகளாகப் பிரித்தபோது, அங்கிருந்த நடைபாதையை அழிக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. எத்தனை பேர் சேர்ந்து நடக்கிறார்களோ அத்தனை அகலம் பாதைக்கு, மீதி மனைக்காரருக்கு. இருபுறச் சுவர்களும் அதற்கேற்பத் தாமே நகர்ந்துகொள்ளும்.

மனைவி பாவாத்தாள் போய்ச் சேர்ந்த மறுவாரமே சுவர்கள் நெருங்கி வந்துவிட்டன. அவளுக்கு வலப்பக்கம் விட்டு, காலம் முழுக்க இடது ஓரமாகவே நடந்து பழகிய நாச்சிமுத்துவுக்கு இப்போது இரண்டு தோளிலும் சுவர் உரசியது.

"எம்பட பொண்டாட்டி எடத்தைத் திருடிட்டியே அம்மிணி," என்று, சுவருக்கு அந்தப்புறம் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த மனைக்காரி மைதிலியிடம் சீறினார்.

"நானெங்கீங்க திருடுனேன்? செவுரு தானா வந்துச்சுங்க."

"கருவேப்பிலையுந் தானா வந்து மொளைச்சுதாக்கும்?"

மைதிலி சிரித்துவிட்டாள். பிறகு செடியைப் பார்த்தாள். பாவாத்தாள் நடந்த இடத்தில்தான் அது நின்றது. அதை வேரோடு பெயர்த்துத் தொட்டியில் வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு பாதைக்கு வந்தாள்.

"நானும் வாரனுங்க. ரெண்டு பேருன்னா வழி உட்டுத்தானே ஆகோணும்."

"இதுல உனக்கென்ன ஆதாயம்?"

"சக்கரை இருக்குதுங்க. நடக்கோணும்."

அவர் நம்பவில்லை. ஆனால் சுவர் முனகிக்கொண்டே பின்வாங்கியது. பழைய அகலம் அப்படியே திரும்பி வந்தது. நாச்சிமுத்து மெல்ல இடது ஓரத்துக்கு நகர்ந்தார். வலப்பக்கமாக வந்து சேரப்போன மைதிலியைக் கை நீட்டி மறித்து, தனக்குப் பின்னால் காட்டினார்.

"பொறவால வா அம்மிணி. பக்கத்துல ஆளிருக்குது."