மூன்றாவது கியரில் ஐந்தருவி

ஐந்தருவி மேட்டில் வண்டி திணறவே இல்லை. அதுதான் வல்லிநாயகத்துக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது.

அவருடைய அம்பாசடர் அந்த மேட்டில் எப்போதும் இரண்டாவது கியருக்கு இறங்கித்தான் ஏறும். இன்று மூன்றாவதிலேயே ஏறிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி உலகம்மாள் சீசன் கடைகளை வேடிக்கை பார்த்தபடி வந்தாள்.

திரும்பும்போது தென்காசி ரோட்டில் நேர்ப்பாதை கிடைத்ததும் ஆக்சிலேட்டரை மிதித்தார். இன்ஜின் காட்டுக்கத்தலாகக் கத்தியது. முள் அறுபதைத் தாண்ட மாட்டேன் என்று நின்றது.

போலீஸ் ஜீப் ஓட்டியே ரிட்டயர் ஆனவர் அவர். சத்தத்தை வைத்தே நோயைச் சொல்லிவிடுவார். இன்ஜினில் ஒன்றும் இல்லை. கோளாறு பின்னால், சக்கரங்களைச் சுழற்றும் டிஃபரன்ஷியலில்.

யாரோ அதை மாற்றியிருக்கிறார்கள்.

யாரோ என்ன, யாரோ! வீட்டுக்குக்கூடப் போகாமல் வண்டியை நேராக இலத்தூர் ரோட்டுக்கு, சொரிமுத்துவின் ஒர்க்‌ஷாப்புக்கு விட்டார்.

போன மாதம் அவர் திருநெல்வேலியில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வண்டி சொரிமுத்துவிடம்தான் இருந்தது. சும்மா நின்றால் பேட்டரி இறங்கிவிடும் என்று அவனாகவே வந்து எடுத்துப்போனானாம். அந்த நாட்களில் ஐந்தருவி ரோட்டில் வண்டியைப் பார்த்ததாக எதிர்வீட்டு கிறிஸ்டி டீச்சர் சொன்னபோதே அவருக்கு உறுத்தியது.

"ஜாக்கி போடுலே."

சொரிமுத்து ஏன் என்று கேட்கவில்லை. அதுவே அவருக்குத் தப்பாகப் பட்டது.

உலகம்மாள் இறங்கி வாசலில் போய் நின்றாள். வண்டியின் பின்பக்கம் உயர்ந்தது. வல்லிநாயகம் குனிந்து, அடியில் ஓடும் நீளத் தண்டில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். பின்சக்கரங்கள் இரண்டையும் சேர்த்து ஒரு முழுச் சுற்று சுற்றினார்கள்.

அவர் வண்டிக்குத் தண்டு நாலு சுற்றுச் சுற்ற வேண்டும். அது ஐந்தைத் தொட்டது.

ஐந்து சுற்று என்றால் மேடு லேசாக ஏறும், வேகம் போகாது. பழைய மார்க் டூ அம்பாசடரின் சாமான்.

நிமிர்ந்தார். ஷெட்டின் உள்ளே ஒரு மார்க் டூ நின்றது. புனலூர்க்காரர் ஒருவர் ஆசை ஆசையாகப் புதுப்பிக்கக் கொடுத்திருந்த வண்டி. அதன் பின் அச்சைக் கழற்றி மாட்டிய இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு மினுங்கியது. இரண்டும் ஒரே வம்சம். ஒன்றின் உள்ளே இருப்பதை எடுத்து மற்றதில் அப்படியே உட்காரவைத்துவிடலாம். வேகம் வேண்டி இவர் வண்டிச் சாமானுக்குப் பழைய வண்டிக்காரர்கள் நாயாக அலைவதும் அவருக்குத் தெரியும்.

"என் சாமானக் கழத்தி அவனுக்கு மாட்டிட்ட. அவன் கழிச்சத எனக்கு மாட்டிட்ட. அப்படித்தானலே?"

"ஆமா அண்ணாச்சி. மாத்துனேன்."

இல்லை என்று சாதிப்பான், உடைத்துவிடலாம் என்றுதான் வந்திருந்தார்.

"யாரக் கேட்டுலே மாத்துன?"

சொரிமுத்துவின் கண் வாசலுக்குப் போய்த் திரும்பியது.

வல்லிநாயகத்துக்கு ரத்தம் தலைக்கேறியது. வாசலில் நின்ற உலகம்மாள் அந்த வண்டியின் பானட்டைக்கூடத் திறந்து பார்த்தறியாதவள். இவனோடு அவளுக்கு என்ன பேச்சு? தான் படுத்துக் கிடந்தபோது முதுகுக்குப் பின்னால் இன்னும் என்னென்ன நடந்தது? ஸ்டேஷனில் எத்தனை வீட்டுக் கதைகளைப் பார்த்திருக்கிறார் அவர்.

"நீயாட்டி சொன்ன?"

"நாந்தான்." உலகம்மாள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். "மேட்டுல கிளட்ச விட்டா வண்டி அணைஞ்சு அணைஞ்சு போச்சு. இதப் போட்டா ஏறிரும்னு சொரிமுத்து சொன்னான்."

"யாருக்கு அணைஞ்சுது?"

"எனக்குத்தான். ஓட்டிப் படிச்சேன்லா."

கிறிஸ்டி டீச்சர் பார்த்த வண்டியை ஓட்டியது யார் என்று அவருக்கு அப்போதுதான் விளங்கியது. கோபம் இறங்கவில்லை.

"நீ எதுக்கு ஓட்டணும்? நான் என்ன செத்தா போயிட்டேன்?"

அவள் வாசலிலிருந்து அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

"வேகமும் போகாதுன்னு சொன்னான். அதுக்குந்தான் மாத்தச் சொன்னேன்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "டாக்டர் சொன்னத நீங்களா வாயத் திறந்து சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டே இருக்கேன்" என்றாள்.

சொரிமுத்து ஸ்பானரைத் தேடுவதுபோல ஷெட்டுக்குள் போய்விட்டான்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிய அன்று, அவள் மருந்து வாங்கப் போயிருந்த நேரத்தில்தான் டாக்டர் சொன்னார். வந்தது வலிப்பு, எந்த நேரமும் திரும்ப வரலாம், இனி ஸ்டியரிங்கைத் தொடவே கூடாது. வீட்டில் சொல்லிவிடாதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டவர் வல்லிநாயகம். வந்த மறுநாளே சாவியை எடுத்துவிட்டார். சந்தைக்கு ஓட்டினார், கோயிலுக்கு ஓட்டினார், இன்று அருவிக்கு ஓட்டினார்.

அதற்கு முன்பே டாக்டர் அவளிடமும் சொல்லியிருக்கிறார் என்பது அவருக்கு இப்போதுதான் உறைத்தது.

ஜாக்கி இறங்கியது. சொரிமுத்து முன்னாலும் பின்னாலும் சிவப்பு எல் எழுத்தை ஒட்டினான். வல்லிநாயகம் சாவியை அவள் கையில் கொடுத்துவிட்டு, வண்டியைச் சுற்றிக்கொண்டு போய் இடதுபக்கக் கதவைத் திறந்தார்.

உலகம்மாள் மெதுவாகத்தான் ஓட்டினாள். வளைவில் எதிரே செங்கோட்டை பஸ் வந்தது. அவர் கால் தன்னால் பாய்ந்து பிரேக்கை மிதித்தது. அந்தப் பக்கம் மிதிக்க ஒன்றுமே இல்லை, வெறும் தகரம்தான்.

எல்லாம் தெரிந்தே, அவர் ஓட்டிய ஒவ்வொரு முறையும், அவள் இந்த சீட்டில்தான் வந்து உட்கார்ந்திருக்கிறாள்.