ஜன்னலோரக் கட்டில்

"யாரது, கட்டில்ல துண்டு போட்டு வச்சிருக்கிறது? இதென்ன பஸ்ஸா?"

மூன்று மாடி ஏறிய மூச்சு இறங்குவதற்குள் அம்மாவுக்குக் கோபம் ஏறிவிட்டது.

பல்கலைக்கழக ஹாஸ்டலில் மூன்று பேர் தங்கும் அறை. முதலில் வருகிறவள் பிடித்த கட்டிலை எடுத்துக்கொள்ளலாம். அதற்காகத்தான் விடிவதற்கு முன்பே வீட்டையே எழுப்பி, மகளைக் கிளப்பிக்கொண்டு வந்தது. வந்து பார்த்தால், காற்றும் வெளிச்சமும் கொட்டுகிற ஜன்னலோரக் கட்டிலில் ஒரு நீலத் துண்டு.

உள்ளே அலமாரி துடைத்துக்கொண்டிருந்த பெண்மணி திரும்பினாள்.

"அதுக்கு ஆள் வர்றாங்கம்மா."

"உங்க பொண்ணுக்கா?"

"இல்ல, என் பொண்ணு இதோ." கதவோரம், பாத்ரூமை ஒட்டிய கட்டிலில் ஒரு பெண் விரிப்புப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்போ ஒரே வீட்டுக்கு ரெண்டு கட்டில்! வர்றது உங்க சொந்தமா?"

"அது வந்தும்மா..."

"சொந்தம்தான்னு மூஞ்சியே சொல்லுதே."

துண்டுக்காரம்மா சிரித்துவிட்டு, "நடுக்கட்டில் நல்லாத்தான் இருக்கும்மா. நேர் மேல ஃபேன்," என்றாள்.

கேட்டதற்குப் பதில் சொல்லாமல் ஃபேனைக் காட்டுகிறவர்களை அம்மா நம்புவதில்லை.

மகள் இது எதையும் காதில் வாங்கவில்லை. வீட்டை விட்டு வெளியே தங்கப் போவது இதுதான் முதல் தடவை. கால் தரையில் நிற்கவில்லை.

"அம்மா, அலமாரியைப் பாரேன்! சாவி எனக்கே எனக்காம்! இனிமே அக்கா என் துணியை எடுத்துப் போடவே முடியாது!"

"சரி சரி."

"அம்மா, இங்கேர்ந்து லைப்ரரி தெரியுது! எவ்ளோ பெருசு!"

"லைப்ரரி எங்கேயும் ஓடாது. முதல்ல படுக்க இடம் பார்ப்போம்."

"எதுல படுத்தா என்னம்மா? எனக்கு இன்னிக்குத் தூக்கமே வராது!"

பெட்டி ஒரு கையிலும் பக்கெட் ஒரு கையிலுமாக வந்து சேர்ந்த அப்பா, நடுக்கட்டிலில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"இதுவே போதுமே."

"நீங்க சும்மா இருங்க. இதுவே போதும், இதுவே போதும்னு சொல்லிச் சொல்லித்தான் இன்னும் மேற்குப் பார்த்த வீட்டுல வெந்துக்கிட்டு இருக்கோம்."

அப்பா சும்மா இருந்தார். பழக்கம்தான்.

அதற்குள் மகள் கதவோரக் கட்டிலில் போய் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

"நீ என்ன சப்ஜெக்ட்?"

"தாவரவியல். நீ?"

"புள்ளியியல்!"

"ஐயோ, கணக்கா!"

இரண்டும் விழுந்து விழுந்து சிரித்தன. அம்மா மகளைக் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள்.

"ரொம்ப ஒட்டாதே. நாங்க இந்தப் பக்கம் கிளம்பினதும், சொந்தம் ரெண்டும் சேர்ந்துக்கிட்டு உன்னை ஓரங்கட்டிடும்."

"அம்மா, அவங்களுக்குக் கேட்கும்!"

"கேட்கட்டும். சாப்பாட்டு மேஜை மூலையில, பாத்திரச் சத்தத்துக்கு நடுவுல உட்கார்ந்து படிச்சு சீட் வாங்கினவ நீ. இங்கயாவது நல்ல வெளிச்சத்துல உட்கார்ந்து படின்னு பெத்தவ ஆசைப்படக் கூடாதா? அந்த ஜன்னல் உனக்குத்தான். நீ பேசாம இரு."

விறுவிறுவென்று படியிறங்கி நேரே வார்டன் முன்னால் போய் நின்றாள்.

"மேடம், துண்டு போட்டா கட்டில் சொந்தமாயிடுமா? ஆள் முக்கியமா, துண்டு முக்கியமா? ஒரு மேனர்ஸ் வேணாம்? இவங்கெல்லாம் எப்படித்தான் பிள்ளைங்களைப் படிக்க வைக்க வர்றாங்களோ!"

வார்டன் கண்ணாடியைக் கழற்றினார். "ரூல் என்னமோ நீங்க சொல்றதுதான். யார் முதல்ல வந்து நிக்கிறாங்களோ அவங்களுக்கு. வாங்க, நானே வந்து சொல்றேன். அந்த ரூமோட மூணாவது பொண்ணும் இப்பதான் வந்திருக்கு."

மூலையில் ஒல்லியாக ஒருத்தி நின்றிருந்தாள். முதுகில் பை, தோளில் சுருட்டிய மெத்தை, கையில் பெட்டி. எங்கே நிற்பது என்றுகூடத் தெரியாத முழி.

வந்துவிட்டாள் மகாராணி, என்று அம்மா மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

மூவரும் மேலே போனார்கள். வார்டன் வாயைத் திறப்பதற்குள் துண்டுக்காரம்மா துண்டை உருவி, கட்டிலைத் தட்டிவிட்டாள்.

"வந்துட்டியா கண்ணு! மெத்தையை இப்படிப் போடு. இதான் உன் கட்டில்."

"பார்த்தீங்களா மேடம், பார்த்தீங்களா?" அம்மாவின் குரல் உச்சத்துக்குப் போனது. "வாய் திறந்து சொல்லலையே தவிர, உபசாரத்தைப் பாருங்க! சொந்தக்காரப் பொண்ணுன்னா ஜன்னல், அடுத்த வீட்டுப் பொண்ணுன்னா நடுக்கட்டில்! நியாயமா இது?"

ஒல்லிப் பெண் பெட்டியைக் கீழே வைக்கவில்லை. துண்டுக்காரம்மாவையே மிரள மிரளப் பார்த்தாள்.

"நீங்க... யாரு ஆன்ட்டி?"



"நானா? கதவோரம் உட்கார்ந்திருக்காளே, அவ அம்மா." துண்டுக்காரம்மா அவள் தோளிலிருந்து மெத்தையை இறக்கினாள். "ஒரு பொண்ணு அவ்ளோ தூரத்திலேர்ந்து ஒண்டியா வருதுன்னு காலையில ஆபீஸ்ல பேசிக்கிட்டாங்க. இதுங்களுக்கு இடம் பிடிக்கத்தான் ஆளுக்கொரு அம்மா வந்திருக்கோமே... உனக்கும் யாராவது வேணாமா, கண்ணு?"