முக்கொம்பில் தற்செயலாக

"தண்ணியில விளையாடப் போறதுக்கு எதுக்கும்மா பட்டுப் புடவை?"

"வாயை மூடிக்கிட்டு ஊக்கைக் குத்துடி" என்றாள் ரோசரி.

லூர்துராணிக்குத் தெரியாமல் இல்லை. இருபத்தாறு வயதுக்குள் ஏழு மாப்பிள்ளை வீட்டாருக்குக் காபி கொடுத்துக் கை பழகியவள். ஏழு வீட்டாரும் "ஊருக்குப் போய் லெட்டர் போடுறோம்" என்றுதான் கிளம்பினார்கள். எடமலைப்பட்டி புதூர்த் தபால்காரரே அந்த லெட்டருக்காகக் காத்திருந்து சலித்துப்போனார்.

எட்டாவது இடத்தை வீட்டுக்கு வரவழைக்க வேண்டாம் என்று யோசனை சொன்னவர் கோயில் உபதேசியார் சகாயநாதன். அவள் அப்பா பாக்கியநாதனைத் தனியாக அழைத்துச் சொன்னார்.

"ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் முக்கொம்பு போயிடுங்க. மதகுப் பக்கத்துல பெரிய புங்கமரம். பதினோரு மணிக்கு அவங்களும் தற்செயலா வர்ற மாதிரி வருவாங்க. அப்பா, அம்மா, பையன், தங்கச்சி. கல்யாணப் பேச்சு எடுக்கக் கூடாது. பேரு, ஊரு, வேலை எதுவும் கேக்கக் கூடாது. பிடிக்கலைன்னா ரெண்டு பக்கமும் பிக்னிக் வந்ததா நெனைச்சுட்டுப் போயிடலாம்."

மே மாதம். காவிரியில் முழங்கால் அளவுதான் தண்ணீர். திருச்சியில் பாதிப் பிள்ளைகள் அதற்குள்தான் கிடந்தார்கள். லூர்துவின் தம்பி பிலோமின்ராஜ் வெள்ளைச் சட்டையைக் கழற்றிக் கிளையில் மாட்டிவிட்டுக் குதித்தான். லூர்து மட்டும் பட்டும் பவுடருமாகப் படியில் உட்கார்ந்து வெந்துகொண்டிருந்தாள்.

"காலை மட்டும் நனைச்சுக்கறேம்மா."

"நனைச்சே, தொலைச்சுடுவேன்."

சரியாகப் பதினோரு மணிக்குக் கறுப்புக் குடையோடு ஒருவர் வந்தார். பின்னால் மனைவி, வெள்ளைச் சட்டையில் ஒரு பையன், ஒரு பெண்.

"அவங்கதாங்க!" என்று ரோசரி கணவரின் விலாவில் இடித்தாள். "பையனோட தங்கச்சியைப் பாருங்க, ஆத்துக்கே பட்டுல வந்திருக்கு. வசதியான இடம்."

"இங்க உட்காரலாமுங்களா?" என்று கேட்டார் குடைக்காரர்.

"தாராளமா! நிழல்ல வாங்க" என்று பாக்கியநாதன் தன் பாயை வெயிலுக்கு இழுத்தார்.

"ஐயையோ, நீங்க நிழல்ல இருங்க. எங்களுக்கு வெயில் பழக்கம்."

"எங்களுக்கு வெயில்னா உயிருங்க."

மாற்றி மாற்றி விட்டுக்கொடுத்ததில் இரண்டு பாயும் வெயிலுக்குப் போய்விட்டன. காலியான நிழலில் ஒரு நாய் வந்து படுத்துக்கொண்டது.

பாக்கியநாதனுக்கு ஆச்சரியம். ஏழு மாப்பிள்ளை வீட்டாரைப் பார்த்திருக்கிறார். நாற்காலியில் சாய்ந்து காலாட்டாத ஒருவரைக்கூட அவர் கண்டதில்லை.

"புளிச்சோறு சாப்பிடுங்க. எங்க லூர்து கிளறினது" என்று ரோசரி தூக்குச்சட்டியைத் திறந்தாள்.

"முதல்ல நீங்க ரவா உருண்டை எடுத்துக்கங்க. எல்லாம் எங்க பொண்ணு பிடிச்சது" என்று அந்த அம்மாள் டப்பாவை நீட்டினாள்.

'வீட்டு வேலையெல்லாம் நாத்தனாரே பார்க்கிறாள். லூர்துவுக்குக் கஷ்டமில்லை' என்று ரோசரி மனத்துக்குள் குறித்துக்கொண்டாள்.

பிலோமின்ராஜ் தலை துவட்டக் கரையேறினான். குடைக்காரர் எழுந்து ஓடித் தன் புதுத் துண்டை எடுத்து அவனிடம் நீட்டினார்.

"துடைச்சுக்கங்க தம்பி. சளி பிடிச்சிடப் போகுது."

டைப்ரைட்டிங் பரீட்சையில் மூன்று முறை கோட்டைவிட்ட தன் பிள்ளைக்கு, வீட்டில் துண்டை விட்டெறிந்துதான் பழக்கம் பாக்கியநாதனுக்கு. அவர் நெகிழ்ந்துபோனார்.

அப்போதுதான் அது நடந்தது. பிலோமின் ஈரத்தலையைச் சிலுப்ப, படியில் இருந்த இரண்டு பெண்கள் முகத்திலும் தண்ணீர் தெறித்தது. பவுடர் கோடு கோடாக வழிந்தது.

"இனிமே எதுக்குக் காயணும்?" என்ற லூர்து புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கிவிட்டாள்.

"அக்கா, நானும்!" என்று அந்தப் பெண்ணும் இறங்கினாள்.

"அடிப்பாவி!" என்று இரண்டு அம்மாக்களும் ஒரே குரலில் அலறினார்கள்.

பாக்கியநாதனுக்கு உயிர் போய்விட்டது. எட்டாவதும் போச்சு. ஆனால் குடைக்காரரின் மனைவியோ ரோசரியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க. விளையாட்டுப் புத்தி, அவ்வளவுதான். மத்தபடி தங்கமான பொண்ணு."

தங்கம்! தன் மகளை இதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. ரோசரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பையன்கள் இருவரும் குதித்துச் சேர்ந்துகொள்ள, கீழே நான்கு பேரும் மாறி மாறித் தண்ணீரை வாரியிறைத்துக்கொண்டிருந்தார்கள். லூர்து வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை மாதமாயிற்று என்று பாக்கியநாதன் நினைத்துப் பார்த்தார். கணக்கு வரவில்லை. கர்த்தரே, இந்த இடத்தை மட்டும் விட்டுவிடக் கூடாது.

"கொஞ்சம் இப்படி வரீங்களா?" என்று குடைக்காரர் அவரை மரத்துக்குப் பின்னால் அழைத்துப்போனார்.

வந்துவிட்டது நகைப் பேச்சு. பதினைந்து பவுன் என்று ஆரம்பிக்கலாம், இருபதுவரைகூடப் போகலாம், இப்படிப்பட்ட மனிதர்களுக்காக வீட்டையே அடகு வைக்கலாம் என்று பாக்கியநாதன் துணிந்துவிட்டார்.

குடைக்காரர் சுற்றுமுற்றும் பார்த்தார். சட்டென்று அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"கல்யாணப் பேச்சு எடுக்கக் கூடாதுன்னு உபதேசியார் சொல்லித்தான் அனுப்பினாரு. பெத்த மனசு கேக்கலைங்க. எங்க பொண்ணுக்கு இது ஒன்பதாவது இடம். உங்க பையனுக்கு அவளைப் பிடிச்சிருக்கான்னு மட்டும் சொல்லிடுங்க!"